தும்பையை வரவழைப்பது எப்படி

நர்சரிக்குப் போய்த் தும்பைச் செடி கேட்டால் பெரும்பாலும் காசித்தும்பையைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ரோஜா நிறத்திலும் சிவப்பிலும் பூத்து, முற்றிய காயைத் தொட்டால் வெடிக்குமே, அந்தச் செடி. அதுவும் அழகுதான். ஆனால் நான் சொல்ல வந்தது நாட்டுத் தும்பையைப் பற்றி. வயல் வரப்பில், கண்மாய்க் கரையில், ரயில் பாதை ஓரத்தில் யாரும் விதைக்காமல் முளைத்து, கணுவுக்குக் கணு வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் செடி. அதை விலைக்கு வாங்க வழியில்லை. விதை எடுத்து நாமே வரவழைக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊர் திருமயம் பக்கம். செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. ஊர்ச் சிவன் கோயில் நந்தவனத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அரளி, நந்தியாவட்டை, வில்வம் எல்லாம் ஒழுங்காக வளர்ந்தாலும், கோயிலுக்கு வருகிற பெரியவர்கள் கேட்பது தும்பையைத்தான். சிவனுக்கும் பிள்ளையாருக்கும் உகந்த பூ. முன்பு வேலிக்கு வெளியே நடந்தால் ஒரு கூடை பறிக்கலாம். களைக்கொல்லி தெளிப்பது பெருகிய பிறகு வரப்பெல்லாம் காய்ந்த புல்லாகக் கிடக்கிறது. அதனால்தான் நந்தவனத்திலும் வீட்டு வாசலிலும் கண்மாய்க் கரையிலும் இதை வளர்க்கத் தொடங்கினேன். இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. தும்பைக்கு உரமும் வேண்டாம், பெரிய பராமரிப்பும் வேண்டாம். ஆனால் பூ முடிந்து விதை விழும்வரை அந்த இடத்தை யாரும் சுத்தம் செய்துவிடாமல் காக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரியான செடிதானா?

விதை எடுக்கப் போகுமுன் செடியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தும்பை துளசிக் குடும்பத்துச் செடி. தாவரவியலில் லூக்கஸ் ஆஸ்பெரா. தண்டை விரலுக்கு நடுவே உருட்டினால் நான்கு பட்டையாக இருப்பது தெரியும். முழுச்செடியும் சொரசொரவென்று மெல்லிய முடியோடு இருக்கும். இலைகள் குறுகலாக, எதிரெதிரே இருக்கும். ஒரு சாண் முதல் முழங்கால் உயரம் வரை வளரும். கணுவிலும் நுனியிலும் பச்சைக் குப்பிகள் உருண்டையாகக் கூடியிருக்க, அவற்றிலிருந்து பூக்கள் எட்டிப் பார்க்கும். பூவுக்கு இரண்டு உதடு. மேலுதடு சின்னதாய், முடியோடு, தலையில் போட்ட முக்காடு மாதிரி வளைந்திருக்கும். கீழுதடு அகலமாய், அப்பழுக்கில்லாத வெள்ளையாய் விரிந்திருக்கும். சலவை செய்த வேட்டிக்கு நாம் உவமை சொல்வது இந்த வெள்ளையைத்தான்.

கவிழ்தும்பை என்று ஒன்று உண்டு. அது வேறு குடும்பம். பூ தலைகுனிந்து தொங்கும், இளநீலமோ வெளுத்த ஊதாவோ ஓடியிருக்கும், இலை தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். பேய்மிரட்டியைச் சில ஊர்களில் பெருந்தும்பை என்கிறார்கள். அது ஊதாப் பூப்பூக்கும் பெரிய செடி. அப்புறம் வெட்டுக்காயப் பூண்டு. அது மஞ்சள் நடுவும் ஓரத்தில் வெளிறிய இதழும் உள்ளது, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. இவை எதுவும் நமக்கு இப்போது வேண்டாம். தும்பையிலேயே நெருங்கிய சொந்தங்களாக வெள்ளைப் பூப்பூக்கும் வேறு வகைகளும் நம் காடுகளில் இருக்கின்றன. உங்கள் ஊரைச் சுற்றி இயல்பாக எது நிற்கிறதோ அதன் விதையையே எடுங்கள். அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகியது அதுதான். தொலைவிலிருந்து தருவிக்க வேண்டிய அவசியமே இல்லை.

விதை எடுப்பது

எங்கள் பக்கம் ஐப்பசி மழையில் முளைத்த செடி மார்கழி, தையில் நிறையப் பூத்து, மாசியில் காய ஆரம்பிக்கும். ஒரே செடியில் கீழ்க்கணு காய்ந்திருக்கும்போதே மேல்நுனி பூத்துக்கொண்டிருக்கும். ஆகவே முழுச்செடியும் காயட்டும் என்று காத்திருந்தால் கீழே உள்ள நல்ல விதையெல்லாம் கொட்டிப்போயிருக்கும். கீழ்க்கணு உருண்டை பச்சை மாறி வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுக்கத் தொடங்கலாம்.

பூ உதிர்ந்த பிறகு ஒவ்வொரு குப்பியின் அடியிலும் அதிகபட்சம் நான்கு விதை இருக்கும். பழுப்பும் கறுப்பும் கலந்து, வழுவழுப்பாக, முப்பட்டையாக, கடுகைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். பறிக்க வேண்டும் என்பதே இல்லை. ஒரு முறத்தையோ செய்தித்தாளையோ அடியில் பிடித்து, செடியை மெல்லச் சாய்த்துத் தட்டினால் போதும். முற்றியது விழும், முற்றாதது குப்பியிலேயே தங்கிவிடும். காலையில் பனி ஈரம் இருக்கும்போது தட்டினால் வராது, ஒன்பது பத்து மணிக்கு மேல் வெயில் ஏறட்டும்.

ஒரே செடியை மொட்டையடிக்காதீர்கள். பல இடத்தில், பல செடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அந்த இடத்துக்கும் அடுத்த வருஷத்துக்கு விதை வேண்டும். சாலையோரச் செடியாக இருந்தால், மருந்து தெளித்த இடமா என்று பக்கத்துப் புல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எடுத்த விதையை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, காகிதப் பையிலோ மண்கலயத்திலோ போட்டு, கொஞ்சம் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் கோத்தால் பூஞ்சை பிடித்துவிடும். எடுத்த கையோடு மாசியிலேயே விதைத்துப் பார்க்க ஆசை வரும். பொறுங்கள். சில மாதம் ஆறப்போட்ட விதைதான் சேர்ந்தாற்போல் முளைத்து வருகிறது.

எங்கே விதைப்பது

முழு வெயில் வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படாத இடத்தில் தும்பை ஒல்லியாக நீண்டு, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, இரண்டு பூவோடு நின்றுவிடும். மா, வேப்ப மரத்தடி ஒத்துவராது. தண்ணீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும். செம்மண், மணல், சரளை எதுவானாலும் சரி. களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி போட்டு மணல் கலந்துகொள்ளுங்கள்.

எருவைப் பற்றி ஒரு வார்த்தை. நந்தவனத்தில் அரளிக்குப் போட்ட தொழுவுரம் வழிந்த பக்கம் முளைத்த தும்பையைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடம் காட்டுவேன். இலை பெரிதாய், தண்டு சதையாய், காற்றடித்தால் சாயும்படி இருக்கும். பூ குறைவு. நடைபாதை ஓரத்தில், கல்லிடுக்கில், ஒன்றும் போடாத மண்ணில் முளைத்தது குட்டையாய், உருண்டைக்கு உருண்டை பூவாய் நிற்கும். மெலிந்த மண்தான் இதற்குப் பிடித்த மண். உரம் வைத்து இதைக் கெடுக்காதீர்கள்.

விதைக்கும் நேரம்

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களில் புரட்டாசிக் கடைசியில் இடத்தைத் தயார் செய்து, ஐப்பசியில் மண் நனையும் முதல் நல்ல மழைக்குப் பிறகு விதையுங்கள். கோவை, தேனி மாதிரி மேற்குப் பக்கத்தில் ஆடிச் சாரலிலும் தானாக முளைக்கிறது. அங்கே இருப்பவர்கள் இரண்டு பருவத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பிள்ளையார் சதுர்த்திக்குப் பூ வேண்டும் என்றால் கணக்கு வேறு. சதுர்த்தி ஆவணியில் வரும். எருக்கு எப்போதும் கிடைக்கும், அறுகும் கிடைக்கும், தும்பைக்குத்தான் அலைவோம். முளைத்து ஆறேழு வாரத்தில் பூ எடுக்கத் தொடங்கும் செடி இது. அதனால் ஆனி நடுவில் ஒரு சின்னப் பாத்தியில் விதைத்து, மழை இல்லாவிட்டால் பூவாளியால் தண்ணீர் தெளித்து வந்தால் ஆவணியில் கை நிறையப் பூ இருக்கும். இந்த ஒரு பாத்திக்கு மட்டும்தான் நான் தண்ணீர் சுமப்பது. ஐப்பசி விதைப்பை வானத்தின் பொறுப்பில் விட்டுவிடுவேன்.

விதைக்கும் முறை

ஆழமாகக் கொத்த வேண்டாம். கொத்தினால் அடியில் கிடக்கும் கோரையும் மற்ற களை விதையும் மேலே வந்து தும்பையை முந்திவிடும். முள்வாரியால் மேல்மண்ணை ஒரு விரல் ஆழத்துக்குக் கீறிவிட்டால் போதும். ஒரு பிடி விதைக்குப் பத்துப் பிடி உலர்ந்த மணல் கலந்து வீசுங்கள். மணல் கலக்காவிட்டால் ஒரே இடத்தில் குவிந்து முளைக்கும். வீசியதும் காலால் மிதித்தோ பலகையால் தட்டியோ விதையை மண்ணோடு ஒட்ட வையுங்கள். மேலே கனமாக மண் போட்டு மூடாதீர்கள். விதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மணல் தூவினால் சரி.

எறும்பு வராமல் இருக்கச் சிலர் சாம்பல் கலப்பார்கள். மழை ஈரத்தில் விதைத்தால் அதற்குத் தேவை இருக்காது, ஒரு வாரம் பத்து நாளில் முளைப்பு தெரிந்துவிடும். முதலில் வட்டமாய் இரண்டு வித்திலை. அடுத்து எதிரெதிராய்க் குறுகிய இலைகள். இந்தக் கட்டத்தில் வீட்டில் வேறு யாராவது களை எடுக்க உட்கார்ந்தால் எல்லாம் போய்விடும். என் மருமகள் முதல் முறை பார்த்தபோது, “அத்தை, இது புல்லா செடியா, பிடுங்கட்டுமா?” என்று கேட்டாள். ஒரு இலையைக் கசக்கி முகரச் சொன்னேன். தும்பைக்கென்று ஒரு காரமான பச்சை வாசம் உண்டு. ஒரு தடவை முகர்ந்தால் அப்புறம் சந்தேகமே வராது. நான்கு மூலையிலும் குச்சி நட்டு வைப்பது இன்னும் நல்லது.

ஆறு இலை வந்ததும் நெருக்கமாக இருப்பதைக் கலைத்துவிடுங்கள். செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி. பிடுங்கியதை எறிய வேண்டியதில்லை. சாயங்கால வேளையில், வேர் மண்ணோடு தோண்டி வேறு இடத்தில் நட்டால் பிழைத்துக்கொள்ளும். பூக்க ஆரம்பித்த பெரிய செடியைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் வாடிப்போகும். வழியில் பார்த்த பூச்செடியை வேரோடு பிடுங்கி வருவதற்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துச் செடி புதராகும். நந்தவனத்தில் கிள்ளுவேன். கண்மாய்க் கரையில் அதைச் செய்வதில்லை, அங்கே அது தன் இஷ்டத்துக்கு வளரட்டும். மாவுப்பூச்சி வந்தால் அந்தக் கிளையை ஒடித்து அப்புறப்படுத்துங்கள். மருந்து அடிக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மாடித் தொட்டியில்

பத்து அங்குல அகலத் தொட்டி போதும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல். தேங்காய் நார்க்கழிவு அதிகம் போட்டால் ஈரம் பிடித்து வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் சரி. ஒரு தொட்டியில் மூன்று செடி வைக்கலாம். சென்னையில் மொட்டை மாடி வைத்திருப்பவர்கள் துளசிக்கு ஒதுக்கும் வெயிலை இதற்கும் ஒதுக்கிப் பாருங்கள்.

பூவுக்கு வருகிறவை

காலை எட்டு மணிக்குத் தும்பைப் பாத்தி முன்னால் நின்றால், வீட்டுத்தோட்டத்து ஒட்டு ரோஜாவில் பார்க்க முடியாததைப் பார்க்கலாம். கொசுத்தேனீ, கொம்புத்தேனீ, வயிற்றில் நீலக்கோடு போட்ட நீலப்பட்டைத் தேனீ, விரல் நகம் அளவுள்ள நீலன் வண்ணத்துப்பூச்சிகள், எறும்புகள். பூவின் குழாய் அடியில் தேன் இருக்கிறது. நாம் சின்ன வயதில் பூவை உருவி அடிப்பக்கத்தை உறிஞ்சினோமே, அதே தேன். தேனீ அகலமான கீழுதட்டில் இறங்கித் தலையை உள்ளே விடும். அப்போது மேலுதட்டுக்குள் ஒளிந்திருக்கும் மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் படும். அடுத்த பூவில் அது சூல்முடியில் ஒட்டும். இப்படித்தான் குப்பிக்குள் விதை பிடிக்கிறது. மருந்து அடித்தால் பூச்சியோடு இந்த வேலையும் நின்றுபோகும்.

பூசைக்குப் பறிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பூவை மட்டும் மேலாக உருவினால் குப்பி செடியிலேயே இருக்கும், கிளையைக் கிள்ள வேண்டாம். ஆனால் விடிந்ததும் விடியாததுமாக எல்லாவற்றையும் உருவிவிட்டால் தேனீ வருவதற்குமுன் பூ போய்விடும், குப்பி வெறும் குப்பியாக நிற்கும். நான் பாத்தியில் பாதியைத்தான் பறிக்க விடுகிறேன். கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், இந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விதைக்கு என்று. யாரும் மறுத்ததில்லை. பூ மென்மையானது, சீக்கிரம் வாடிவிடும். ஈரத்துணியில் போட்டு வைத்து, அன்றைக்கே அர்ச்சனைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பழந்தமிழ் நாட்டில் நேருக்கு நேர் மோதும் போருக்குப் போன வீரர்கள் இந்தப் பூவைத்தான் சூடினார்கள். அந்தப் போருக்குத் தும்பைத் திணை என்று பெயர் வந்ததும் அதனால்தான். களத்துக்குப் போகிறவன் வழியிலேயே பறித்துக்கொள்ளும் அளவுக்கு இந்தச் செடி நிறைந்திருந்த நாடு இது.

கண்மாய்க் கரையிலும் புறம்போக்கிலும்

தோட்டத்தைவிட இது எனக்கு முக்கியம். சீமைக்கருவேலத்தை வெட்டி எடுத்த பிறகு நிலம் வெறுமையாகக் கிடக்கும். அடுத்த மழையில் அங்கே முதலில் நுழைவது பார்த்தீனியம். அதுவும் வெள்ளைப் பூதான், தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையுமாக அழகாய்க்கூடத் தெரியும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிய களை. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தோலில் பட்டால் பலருக்கு அரிப்பும் தடிப்பும் வருகிறது, சிலருக்கு மூச்சுத்திணறலும் வரும். அது பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள். பூத்த பிறகு பிடுங்கினால் விதையை நாமே உதறிப் பரப்பியதாக ஆகும்.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விடக் கூடாது. அன்றைக்கே தும்பை விதையை மணலோடு வீசிவிடுங்கள். தும்பை மட்டும் போதாது, கூடவே துத்தி, விஷ்ணுகிரந்தி, நாயுருவி, ஆவாரை என்று அந்த ஊரில் இயல்பாக உள்ளவற்றையும் கலந்துகொள்ளுங்கள். பல செடி சேர்ந்து மண்ணை மூடினால்தான் பார்த்தீனியத்துக்கு இடம் குறையும். முதல் வருஷம் அது முழுக்கப் போய்விடாது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நடந்து பார்த்துப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கண்மாய்க் கரையை எதற்காகவும் கொத்தாதீர்கள், கரை பலவீனமாகும். மேலே வீசினால் போதும். ஊராட்சியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களோடு பேசி வையுங்கள். கரையைச் சுத்தம் செய்யும்போது பச்சையாகத் தெரிவதையெல்லாம் செதுக்குவதுதான் வழக்கம். “அக்கா, இந்தத் தும்பை நிற்கிற பக்கத்தைப் பங்குனி வரைக்கும் விட்டுவிடுங்க, அப்புறம் செதுக்கிக்கலாம்” என்று கேட்டேன். “பிள்ளையாருக்குப் போடுற பூதானே, நாங்க ஏன் வெட்டப்போறோம்” என்றார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தை என்னைவிட அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் கவனம். நிலக்கடலை, கம்பு போட்ட காட்டில் தும்பை களைதான். பயிருக்குள் அதை விட்டுவைக்கச் சொல்லி எந்த விவசாயியிடமும் நான் கேட்க மாட்டேன். எங்கள் கடலைக் காட்டிலும் பயிருக்குள் முளைத்ததைக் கையால் எடுத்துவிடுவோம், வரப்பில் நிற்பதைத் தொட மாட்டோம். அடுத்தவர் காட்டு ஓரமாக விதை வீசுவதற்குமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

மருந்தாக

வளர்க்கத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தில் இலை கேட்டு வருவார்கள். சளிக்கு ஆவி பிடிக்க, கொசுவுக்குப் புகை போட, சில வீடுகளில் துவையல் அரைக்க. தாராளமாகக் கொடுங்கள். பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு கொடுத்தால் விஷம் இறங்கும் என்று கேட்டு வருபவர்களை மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது. இலை அரைக்கிற நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது.

செடி காய்ந்த பிறகு

தும்பை ஒரு பருவத்துச் செடி. பங்குனி வெயிலில் காய்ந்து சருகாகிவிடும். செத்துவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம். காய்ந்த செடியைப் பிடுங்கி, அதே இடத்தில் தலைகீழாகப் பிடித்து நான்கு தட்டுத் தட்டுங்கள், மிச்ச விதை விழட்டும். தண்டுகளை அங்கேயே மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள். தீ வைக்காதீர்கள், விதை மேல்மண்ணில்தான் கிடக்கிறது. சித்திரை, வைகாசியில் அந்த இடத்தில் மண் கொட்டுவது, வண்டி நிறுத்துவது, சிமெண்ட் கலப்பது எதுவும் வேண்டாம். குச்சிகளைப் பிடுங்காமல் வையுங்கள், எது தும்பைப் பாத்தி என்று ஐப்பசி வரை வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். எடுத்துவைத்த விதையில் பாதியை அடுத்த விதைப்புக்கு வைத்துக்கொண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். மடிப்பின் மேல் எந்த ஊர் விதை, எந்த மாதம் எடுத்தது என்று எழுதிக் கொடுப்பது அவசியம்.